வேலி ஆருக்கு?

எங்கள் கந்தோரில் பிறந்தநாள் கேக் வெட்டினால், கத்தியில் ஒட்டிக்கொண்டு வந்த கிறீம் யாருடையது என்று கேட்கிற ஒருவர் இருந்தார். கேலிக்குக் கேட்பதில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பார். வெட்டுப்பட்ட துண்டுகள் ஆளுக்கொன்றாகப் போய்விடும், நடுவில் இருந்தது எங்கே போகிறது என்பதுதான் அவருடைய கவலை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட இரண்டோ மூன்றோ வயது மூப்பு. அவர் என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால் மட்டும் சேர் என்பார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், ஆரைக் கேட்டு எழுதினனீங்கள் சேர் என்று எங்கிருந்தாவது ஒரு செய்தி வரும்.

கந்தோர், அலுவலகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. நான்கு கொம்பியூட்டர், ஐந்து கதிரை. பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் கணித ரியூசன் நடக்கும். நான்தான் முதலாளி, நான்தான் கோட் எழுதுகிறவன், தேத்தண்ணி முடிந்தால் வாங்கி வருகிறவனும் நான்தான். பெரிய நிறுவனங்கள் தொட விரும்பாத வேலைகள் எங்களிடம் வரும். சிதறிக் கிடக்கும் எழுத்தை ஒழுங்காக்கி, அட்டவணையில் ஏற்றிக் கொடுப்போம். ஏற்றியது சரியா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்கா வந்தார்.

அதற்கு முன் அவர் சுன்னாகத்தில் ஒரு நொத்தாரிசிடம் பத்து வருடத்துக்கு மேலாகக் காணி உறுதிப் பத்திரம் தட்டச்சுச் செய்தவர். நொத்தாரிசு கந்தோரை மூடிவிட, ஆறுமாதக் கொம்பியூட்டர் வகுப்பொன்றை முடித்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். முதல்நாள் எங்கள் வேலை என்னவென்று காட்டினேன். ஒரு நீளமான வரி; அதில் இருபது பெயர்கள், இடையிடையே கொமா. கொமாவில் வெட்டு என்று கொம்பியூட்டருக்கு ஒரு கட்டளை கொடுத்தால், கண்மூடித் திறப்பதற்குள் இருபது பெயரும் தனித்தனியாக வந்து நிற்கும். கட்டளையைக் கொடுத்தேன். வந்து நின்றன. ஒரு பாராட்டை எதிர்பார்த்தேன்.

"கொமா எங்கை?" என்று கேட்டார்.

"அது போயிட்டுது அக்கா. எதாலை வெட்டுறமோ அதைக் கொம்பியூட்டர் எறிஞ்சுபோடும்."

"ஆரைக் கேட்டு எறிஞ்சது?"

"ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. அதின்ரை வழக்கமே அதுதான்."

"காணியைப் பிரிச்சால், வேலி ஆருக்கு எண்டு எழுதாமல் உறுதி முடிக்கேலாது தம்பி," என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். நொத்தாரிசு ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேருக்குக் காணி பிரித்தபோது நடுவேலியை எழுத மறந்துவிட்டாராம். மூன்று வருடம் இரண்டு பேரும் வேலி தன்னுடையது என்று அடிபட்டார்கள். வேலி உக்கி விழுந்த பிறகு அது மற்றவனுடையது என்று இன்னும் மூன்று வருடம் அடிபட்டார்கள். ஆடு மட்டும் இரண்டு காணியிலும் மேய்ந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அந்த உறுதியைத் தட்டச்சுச் செய்தது அவர்தான்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் எதைப் பிரித்தாலும் இந்தக் கேள்வி வந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை இரண்டு கன்னமாக வெட்டினால், கொட்டை ஆருக்கு? ரியூசனுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிற தட்டியில் கறையான் பிடித்தால் மருந்து அடிப்பது ஆர்? வேலை தந்த ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்குள் முடித்துத் தரச் சொன்னபோது, அந்தப் பன்னிரண்டு மணி வெள்ளியோடு சேர்மதியா சனியோடு சேர்மதியா என்று அவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். அந்த மனிதர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கடை கந்தோரிலை ஆரோ விசர்க்கேள்வி கேக்கினம் என்றார். நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

உண்மையைச் சொன்னால், அவரோடு வேலை செய்வது லேசில்லை. இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை அரைநாள் இழுப்பார். ஆனால் அவர் பார்த்து விட்ட அட்டவணை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் இல்லாத நேரத்தில் அவரைப்போலக் கதைத்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

அவர் வந்து இரண்டாவது வருடம் ஒரு வேலை கிடைத்தது. கரையோரக் குடும்பங்களுக்கு உதவுகிற ஒரு சிறிய அமைப்பு. கடலுக்குப் போய்த் திரும்பிவராதவர்களின் வீட்டுக்காரரிடம் போய், நடந்ததைச் சொல்லச்சொல்லிப் பதிவு செய்திருந்தார்கள். காற்றும் நீரோட்டமும் இழுத்துக்கொண்டுபோய் வேறு நாட்டுக் கரையில் ஒதுங்கி, அங்கே சிறை மறியலிலோ ஆசுப்பத்திரியிலோ பேர் ஊர் தெரியாமல் கிடக்கிறவர்களும் உண்டு. அதனால், இறந்தது உறுதியில்லாதவர்களின் பெயரையும் படத்தையும் அந்த அமைப்பு வெளியே அனுப்பி விசாரிக்கும். இறந்தவர் என்று தெரிந்தால் விசாரணையை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு ஒரு கடிதம் போடும். யார் எந்தப் பட்டியல் என்று பிரித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

பதிவுகளைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்டுத் தட்டச்சுச் செய்திருந்தார்கள். சொன்னது சொன்னபடியே எழுதியிருந்தார்கள்; ஆனால் முற்றுப்புள்ளி என்ற ஒன்று உலகத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. பக்கம் பக்கமாக ஒரே வசனம். எங்கே வெட்டுவது? இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் ஆட்கள் கதைக்கும்போது மூச்சு விடுகிற இடம் 'எண்டு'. வந்தான் எண்டு, போனான் எண்டு, காணேல்லை எண்டு. எழுத்துத் தமிழில் 'என்று' என்போமே, அதுதான். 'எண்டு' வருகிற இடமெல்லாம் வெட்டு என்று கட்டளை கொடுத்தேன். மலைபோல் இருந்தது பொலபொலவென்று உதிர்ந்து வரிவரியாக நின்றது. பிறகு ஒவ்வொரு வரியிலும் செத்துப்போனார், கடலில் தாண்டுபோனார் என்கிற மாதிரிச் சொற்களைத் தேடி, இருந்தால் ஒரு பட்டியல், இல்லாவிட்டால் மற்றப் பட்டியல். எனக்கு என் கெட்டித்தனத்தில் தலைகால் தெரியவில்லை. அக்கா ஒரு கிழமை லீவில் இருந்தார். கேள்வி கேட்க ஆளில்லாத நேரத்தில் முடித்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அக்கா வந்து அந்த வரிகளை வாசித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் போல என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, இதிலை ஒரு வரி 'தான்' எண்டு தொடங்குது. தான் எல்லாரும் சொல்லுகினம் நான் நம்பேல்லை. ஆர் தான்?"

"தட்டச்சுப் பிழையாயிருக்கும்."

"இன்னொண்டு 'ம்' எண்டு தொடங்குது. வேறையொண்டும் 'தான்'. இப்பிடி நிறையக் கிடக்கு. இது எங்கையோ இருந்து அறுந்து வந்திருக்கு."

மூலத்தைத் திறந்து காட்டச் சொன்னார். குருநகரில் ஒரு அம்மா தன் புருசனைப்பற்றிச் சொன்னது. 'அவர் செத்துப்போனார் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம் நான் நம்பேல்லை.' அதற்குக் கீழே, நான் வெட்டிய பிறகு இருந்தது. 'அவர் செத்துப்போனார்.' அடுத்த வரி, 'தான் எல்லாரும் சொல்லுகினம் நான் நம்பேல்லை.' நடுவில் இருந்த எண்டு எறிபட்டுப் போயிருந்தது. முதல் வரியைப் பார்த்த கொம்பியூட்டர் அந்த மனிதரை இறந்தவர் பட்டியலில் போட்டிருந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "ஒண்டு ரெண்டு அப்பிடி வரும்தான்," என்றேன்.

"பதினொண்டு," என்றார். எண்ணிவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். "ஊரிலை உலாவுற கதையை நீங்கள் செய்தியாக்கிப்போட்டியள் தம்பி. ஊர் சொன்னது எண்டதுக்கு அவவிட்டை இருந்த ஒரே அடையாளம் அந்த எண்டுதான்."

திருத்துவது பெரிய வேலையில்லை. வெட்டுகிற சொல்லைச் சுற்றி இரண்டு அடைப்புக்குறி போட்டால், கொம்பியூட்டர் அதை எறியாமல் வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான், இரண்டு வளைவு. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே, எண்டோடு ஒட்டிய வாலையும் உள்ளே சேர்த்துப் போட்டுக் காட்டினேன். எண்டு, எண்டுதான், எண்டும் எல்லாம் எறிபடாமல் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தனி வரியாக, எதனுடனும் சேராமல் நின்றது.

"இப்ப வேலி இருக்கு. ஆனால் ஆற்றை காணியிலையும் இல்லை," என்றார் அக்கா. "எண்டு எப்பவும் முன்னாலை சொன்னதோடைதான் சேர்மதி. பின்னாலை வாறதோடை இல்லை."

தனியே நின்ற ஒவ்வொன்றையும் எடுத்து அதற்கு முந்திய துண்டோடு ஒட்டும்படி எழுதினேன். பின்னேரம் நாலு மணிக்கு முடிந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு வாக்குமூலமாக வாசித்து, பதினொரு பெயரையும் விசாரிக்கிற பட்டியலுக்கு மாற்றினார். "இப்பவே அனுப்புங்கோ," என்றார்.

நான் அனுப்பவில்லை.

இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றிவந்தேன். அந்த அமைப்பு அடுத்த தொகுதியையும் எங்களிடம் தருவதாகச் சொல்லியிருந்தது. பிழை விட்டோம் என்று முதல் வேலையிலேயே சொன்னால், அது வேறு ஆளிடம் போய்விடும். அடுத்த தொகுதியோடு சேர்த்து, புதிய பதிப்பு என்ற பெயரில் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் கேட்டார். அனுப்பியாச்சோ தம்பி? நாளைக்கு அக்கா. நாலாம் நாள் தம்பி போய்ச் சேர் ஆகிவிட்டது. ஒன்பதாம் நாள் அவர் கேட்கவில்லை. தன் மேசைத் தொலைபேசியை எடுத்து, அந்த அமைப்பைக் கூப்பிட்டு, எங்கள் பட்டியலில் பிழை இருக்கிறது, திருத்தியது இன்றைக்கு வரும் என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதினொரு கடிதத்திலை பத்து இன்னும் அங்கைதான் கிடக்காம், சேர். ஒண்டு போயிட்டுது. குருநகருக்கு. போய் ஒரு கிழமை."

திருத்திய பட்டியலை அனுப்பினேன். அந்த ஒரு வீட்டுக்குத் திருத்திய கடிதத்தை நாங்களே கொண்டுபோய்க் கொடுப்பதாக அக்கா அடுத்தநாள் அமைப்பிடம் கேட்டு வாங்கிவந்தார். "நீங்கள் வாறதெண்டால் வாங்கோ. நான் போறன்," என்றுவிட்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். மோட்டார் சைக்கிளில் நான் அவருக்கு முன்பே குருநகர் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்தும் தனியே அந்த வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல், கோயில் மூலையில், அவர் நடந்து வரும்வரை நின்றேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முற்றத்தில் இருந்தபடி நண்டு வலை துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். எழும்பிக் கையைக் கழுவி, எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். உள்ளே ஒரு படத்துக்குப் புதுமாலை போட்டிருந்தது வாசலால் தெரிந்தது. நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும், செபப் புத்தகத்துக்குள் இருந்து அந்தக் கடிதத்தை எடுத்துவந்தார்.

"இதிலை ஒரு பிழை நடந்துபோச்சு அம்மா," என்றேன். "கொம்பியூட்டரிலை ஒரு சொல்லு..."

அக்கா என்னைப் பார்த்தார்.

"பிழை என்ரை," என்றேன். "நான்தான் விட்டது."

அந்த அம்மா கடிதத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் கதைத்தார்.

"நான் அண்டைக்கு அந்தப் பிள்ளையளிட்டைச் சொன்னது, செத்துப்போனார் எண்டு ஆக்கள் சொல்லுகினம் எண்டு. உங்கடை கடதாசியிலை இறந்தவர் எண்டு மட்டும் கிடந்தது. ஆக்கள் சொல்லுகினம் எண்டு இல்லை. அப்ப உங்களுக்கு எங்கையிருந்தோ செய்தி வந்திருக்கு, ஆரோ கண்டிருக்கினம் எண்டு நினைச்சன். ஆறு வருசமா மாமி, அவற்றை ஆன்மாவுக்குப் பூசை குடு, பூசை குடு எண்டு நிண்டவ. நான் குடுக்கேல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் குடுத்தது."

அந்த முற்றத்தில் ஒரு கிடங்கு வெட்டிக் கிடந்திருந்தால் அதற்குள் இறங்கியிருப்பேன். நான் படித்தவன். அந்த அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சொல் இல்லாமல் போனதை அவர் கவனித்திருக்கிறார். கவனித்து, எங்களைப் பெரிய ஆட்கள் என்று நம்பி, அது தெரிந்தேதான் விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்ப அவர் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"தெரியாதம்மா," என்றார் அக்கா. "எங்களுக்குத் தெரியாது எண்டதைத்தான் சொல்ல வந்தனாங்கள். திரும்பவும் விசாரிப்பினம்."

அந்த அம்மா உள்ளே திரும்பி மாலை போட்ட படத்தைப் பார்த்தார். பிறகு வலையைப் பார்த்தார். அதில் சிக்கியிருந்த ஒரு நண்டுக்காலைக் குனிந்து எடுத்து அப்பால் போட்டார்.

"இந்த ஒரு கிழமை நான் நித்திரை கொண்டன் தம்பி," என்றார். "ஆறு வருசத்திலை இந்த ஒரு கிழமைதான்."

அக்காவைப் பார்க்கவே முடியவில்லை. எதை வெட்டினாலும் நடுவில் இருந்ததை எங்கே என்று கேட்டு வாங்கி, உரியவரிடம் சேர்த்துவிட்டு மூச்சு விடுகிறவர், திருத்திய கடிதத்தைக் கையில் பிடித்தபடி இருந்தார். நீட்டவில்லை. மெல்லக் கைப்பையைத் திறந்தார். கடிதத்தைத் திரும்ப அதற்குள் வைக்கப்போகிறார் என்று எனக்கு விளங்கியது. நானும் தடுக்கவில்லை. வைக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அந்த அம்மா அதைக் கண்டுவிட்டார். ஈரம் காயாத கையைச் சீலையில் துடைத்துவிட்டு அக்காவிடம் நீட்டினார்.

"தாங்கோ பிள்ளை," என்றார். "அது என்ரை."